கல்வராயன் மலையும் கணக்கில் வர வேண்டும்

பாட்டையும் வாத்திய ஒலியையும் எண்வரிசையாக மாற்றி, அவ்வெண்களிலிருந்து சுருதியையும் தாளத்தையும் கணினியால் பிரித்தறியும் ஒலிச் சமிக்ஞை ஆய்வு, கர்நாடக இசையைப் பொறுத்தவரை தமிழகத்தில் வேரூன்றிவிட்டது. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றத்தின் நிதியில் 2011இல் தொடங்கிய காம்ப்மியூசிக் திட்டத்தில் சென்னை ஐஐடியும் பங்கேற்க, கச்சேரிப் பதிவுகளில் ஆதார சுருதியைக் கண்டறியவும் இராகங்களை இனங்காணவும் மிருதங்கச் சொற்களைப் பிரிக்கவும் வழிமுறைகள் உருவாயின. கர்நாடக இசை உட்பட அத்திட்டம் ஆய்வுக்குத் தேர்ந்த ஐந்து மரபுகளும் மேடையில் ஏற்கெனவே நிலைபெற்றவை. தொடக்கத்துக்கு அது பொருத்தமே. ஆனால், ஆய்வு இன்றும் பெரும்பாலும் கச்சேரி மேடையையே சுற்றிவர, கள்ளக்குறிச்சிச் சமவெளியின் தெருக்கூத்தும் பம்பையும், கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் பாடல்களும் வெளியே நிற்பது ஏற்கத்தக்கதல்ல.

கச்சேரிக்கென வடித்த அளவுகோலை அப்படியே மலைக்கு எடுத்துச்செல்லவும் இயலாது. மிருதங்கத்தின் வலந்தலை நடுவில் பூசப்படும் கரணை, தோலின் அதிர்வை ஒழுங்குபடுத்தி, மேலதிர்வுகள் அடிப்படை அதிர்வெண்ணின் முழு மடங்குகளாக எழச் செய்கிறது என்பதை சி.வி. இராமன் 1920இல் நேச்சர் இதழில் விளக்கினார். அதனால்தான் அவ்வாத்தியத்தில் சுருதி தெளிவாகக் கேட்கிறது. கரணை பூசாத பறையில் மேலதிர்வுகள் அவ்வாறு அமைவதில்லை என்பதோடு, தீயில் காய்ச்சிய தோல் ஆற ஆறத் தளர்வதால் அதன் ஒலி ஓர் இரவுக்குள்ளேயே இறங்கிவிடும். மிருதங்கத்தில் பழகிய நிரலுக்கு இது புரியாது. தம்புராவின் இடையறாத ஒலியைப் பற்றிக்கொண்டு ஆதார சுருதியைத் தேடும் நிரலோ, வாத்தியத் துணையின்றிப் பாடும் தனிக் குரலில் திணறும். தரவு போதாது, ஒலி ஒழுங்காக இல்லை என்று ஒதுங்குவோர், எதிரே இருந்த தோற்கருவியையே அளந்து பார்த்த இராமனை மறந்துவிடுகின்றனர்.

கேட்க வேண்டிய கேள்விகளுக்கும் பஞ்சமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட உடன்பிறந்தாரின் வழியினர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்று மலையாளிகளிடையே ஒரு மரபுக்கதை வழங்குகிறது. ஒரு ஸ்தாயியை 1,200 சென்ட்டுகளாகப் பகுத்து, மெட்டின் ஏற்ற இறக்கத்தை வரைகோடாக்கி, வேகம் வேறுபட்ட பாடல்களை நீட்டியும் சுருக்கியும் பொருத்திப் பார்க்கும் முறையால், கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலைப் பாடல்களை ஒப்பிடலாம். மெட்டு சந்தைக்குச் சந்தை பயணிக்கும் என்பதால், ஒற்றுமை கிடைத்தாலும் அது உறவுக்குச் சான்றாகிவிடாது. எனினும், கதையை மட்டும் வைத்துக்கொண்டு ஊகிப்பதைவிட அது உறுதியான தொடக்கம்.

இதற்கான நிதியை மாநில அரசு ஒதுக்க வேண்டும். சென்னை ஐஐடியும் தமிழ்நாடு இசை, கவின்கலைப் பல்கலைக்கழகமும் கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டும். செவிக்கு எட்டாதெனக் கருதப்படும் நுண்கூறுகளை நீக்கிவிடும் எம்.பி.3 கோப்புகளைத் தவிர்த்து, நொடிக்குக் குறைந்தது 44,100 மாதிரிகள் கொண்ட சுருக்கப்படாத பதிவுகளே எடுக்கப்பட வேண்டும். 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலைக்கு, விளைந்ததைப் பிறர் கொண்டுபோவது பழகிய கொடுமை. ஆகவே, பாடுவோருக்கு ஊதியமும், அம்மலையிலுள்ள வெள்ளிமலை ஊரில் பதிவுகளின் முழுப் படியும், இயந்திரக் கற்றலுக்கு அவற்றைப் பயன்படுத்தும்போது தனி ஒப்புதலும் எழுத்து ஒப்பந்தமாக வேண்டும். சாமிக்கு மட்டுமே உரியதென்று ஓர் ஊர் விலக்கும் பாட்டை ஒலிவாங்கி தொடாது என்பதும் அவ்வொப்பந்தத்தின் விதிகளுள் ஒன்றாக இருக்க வேண்டும்.