இறந்தவங்களை போட்டோ எடுக்கறது தப்பா? (கொஞ்சம் நீளமான இழை)

1/ வார்டுல ஒரு பெரியவர் இறந்ததும் பையனோ பொண்ணோ போனை எடுத்து முகத்தைப் படம் பிடிப்பாங்க. உடனே பக்கத்துல இருந்து ஒரு குரல் வரும்: "சாவுலயும் செல்போனா?" திருவண்ணாமலையில அரசு மருத்துவரா இருக்கேன், இதை அடிக்கடி பார்க்கறேன். என் கருத்து: அந்தப் பிள்ளைங்களை விட்டுடுங்க. அவங்க தப்பு எதுவும் பண்ணல.

2/ இது செல்போன் வந்து கெடுத்த பழக்கம் இல்லை. அந்தக் காலத்துல ஸ்டூடியோக்காரரை வீட்டுக்குக் கூப்பிட்டு, இறந்தவரை நாற்காலியில சாய்ச்சு வச்சு, மாலை போட்டு, குடும்பமே சுத்தி நின்னு படம் எடுத்துக்குவாங்க. பல பேருக்கு வாழ்க்கையில எடுத்த ஒரே படம் அதுதான். பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இப்படிப் பழைய தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் தேடிச் சேர்த்து டிஜிட்டல் ஆக்கியிருக்கு. இன்னிக்கும் படமே இல்லாதவங்களுக்கு ஆதார் அட்டைப் படத்தைப் பெருசாக்கி ஃபிரேம் போடறாங்க. ஒரு முகம் வேணும், அவ்வளவுதான்.

3/ நம்ம ஊர்லயே பெரிய உதாரணம் இருக்கு. ரமணருக்கு இடது கையில சார்கோமா, நாலு முறை அறுவை சிகிச்சை. 1950 ஏப்ரல் 14 இரவு 8:47க்கு இறந்தார். உலகப் புகழ் பெற்ற பிரெஞ்சு போட்டோகிராஃபர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் அப்ப இங்கதான் இருந்தார். அந்தக் கடைசி நாட்களை அவர் எடுத்த படங்கள் இன்னிக்கும் இருக்கு. மெலிஞ்சு போன அந்த உடம்பைப் படம் எடுத்தது அவமரியாதைன்னு யாரும் சொல்றதில்லை. பிரெஞ்சுக்காரருக்கு ஒரு நியாயம், போளூர்ல இருந்து வந்த பையனுக்கு ஒரு நியாயமா?

4/ ஆனா நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் அதுக்கு அடுத்தது. ஜப்பான்ல இஷியுச்சி மியாகோன்னு ஒரு போட்டோகிராஃபர். 2000ல அவங்க அம்மா இறந்தாங்க. ரெண்டு பேருக்கும் பெரிய ஒட்டுதல் கிடையாது. அம்மா விட்டுட்டுப் போன லிப்ஸ்டிக், உள்ளாடை, செருப்பு, பல்செட்டுன்னு ஒவ்வொண்ணா எடுத்து வச்சுப் படம் பிடிச்சாங்க. 2005ல வெனிஸ் கலைக் கண்காட்சியில அது ஜப்பான் சார்பா வச்ச தொகுப்பு. உயிரோட இருந்தப்ப பேச முடியாத அம்மாவோட, பொருள் வழியா ஒரு பேச்சுவார்த்தை.

5/ என் அப்பா இறந்தப்ப நானும் அதைத்தான் செஞ்சேன். மாசா மாசம் பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்த மனுஷன். அவர் கண்ணாடி, டார்ச், ரப்பர் செருப்பு, பாதி தீர்ந்த சர்க்கரை மாத்திரை அட்டை. பத்துல ஆறு காலி, நாலு மீதி. தினமும் நூறு மாத்திரை அட்டை பார்க்கற எனக்கு அந்த நாலைத் தூக்கிப் போடக் கை வரல. ஜன்னல் வெளிச்சத்துல வச்சு ஒரு படம் எடுத்தேன். அப்புறம்தான் போட முடிஞ்சது.

6/ அப்பா பேச்சை எடுத்தாலே எழுந்து போயிட்டிருந்த அம்மாகிட்ட செருப்புப் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "இடது குதிகால் எப்படித் தேஞ்சிருக்கு பாரு. வலிக்குதுன்னு எங்கிட்ட மட்டும்தான் சொல்லுவாரு"ன்னாங்க. அன்னிக்கு ராத்திரி ஒரு மணி நேரம் அப்பாவைப் பத்தியே பேசினாங்க.

7/ இது ஏன் உதவுது? 1999ல ஸ்ட்ரோபே, ஷுட்னு ரெண்டு ஆய்வாளர்கள் சொன்ன கருத்து: துக்கத்துல மனசு ஊஞ்சல் மாதிரி. கொஞ்ச நேரம் இழப்பைப் பார்க்கும், கொஞ்ச நேரம் அன்றாட வேலைக்குத் திரும்பும். ரெண்டும் வேணும். படம் எடுக்கறப்ப ரெண்டும் ஒண்ணா நடக்குதுன்னு எனக்குத் தோணுது. கண் இழப்பைப் பார்க்குது. கை வெளிச்சம், கோணம்னு ஒரு வேலை செய்யுது.

8/ செய்ய விரும்பறவங்களுக்கு:
• பெரிய கேமரா வேண்டாம், போன் போதும்.
• ஒரு நாளைக்கு ஒரு பொருள். அவசரம் இல்லை.
• பத்துப் படமாவது பிரிண்ட் போடுங்க. பின்னாடி ஒரு வரி எழுதுங்க.
• தனியா பார்க்காதீங்க. வீட்டுல இருக்கற இன்னொருத்தரோட உட்கார்ந்து பாருங்க.

9/ செய்யக் கூடாதது: இறந்த முகத்தை ஸ்டேட்டஸ்ல போடறது, இருபது குரூப்புக்கு ஃபார்வர்டு பண்றது. பக்கத்துக் கட்டில் நோயாளி படத்துல விழவே கூடாது. ரோலான் பார்த்னு ஒரு பிரெஞ்சு எழுத்தாளர், அம்மா இறந்த பிறகு அவங்களோட அஞ்சு வயசுப் படம் ஒண்ணைப் பத்தி 'கேமரா லூசிடா'ங்கற புத்தகத்துல பக்கம் பக்கமா எழுதினார். புத்தகத்துல வேற நிறைய படம் இருக்கு. அந்தப் படத்தை மட்டும் அவர் போடவே இல்லை. சில படம் நமக்கு மட்டும்தான்.

10/ எல்லாத் துக்கமும் போட்டோவால ஆறாது. ஆறு மாசம் தாண்டியும் தினமும் அதே ஏக்கம், வேலைக்குப் போக முடியல, சாப்பாடு தூக்கம் இல்லைன்னா அது நீடித்த துக்கக் கோளாறா இருக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தோட ஐசிடி-11 பட்டியல்லயே இருக்கு, சிகிச்சையும் இருக்கு. சாகணும்னு எண்ணம் வந்தா ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். 14416 டெலி மானஸ், 24 மணி நேரமும் இலவசம், தமிழ்ல பேசலாம்.

11/ கடைசியா, என் சக டாக்டர்கள், சிஸ்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டில் தட்டுப்பாடு எனக்கும் தெரியும், அடுத்த கேஸ் ஸ்ட்ரெச்சர்ல காத்திருக்கும். ஆனாலும் எம்எல்சி கேஸ் இல்லைன்னா டியூபை எடுத்துட்டு, முகத்தைத் துடைச்சு, தலையைச் சீவி, ஸ்கிரீனை இழுத்துவிட்டு அஞ்சு நிமிஷம் குடுங்க. அவங்க எடுக்கப் போற படத்துல வாயில பிளாஸ்டர் ஒட்டின அடையாளம் இருக்குமா, அமைதியான முகம் இருக்குமாங்கறது நம்ம கையிலதான் இருக்கு. அதுக்கு மருந்துச் செலவும் இல்லை, ஜி.ஓ.வும் தேவையில்லை.