நிழற்பனையும் நியாயமான கூலியும்

பூச்சாடியில் வைத்து வரவேற்பறையை அலங்கரிக்க நாம் வாங்கும் சிறுபனைகளுள் கமடோரியாவும் ஒன்று. மெக்சிக்கோ, குவாத்தமாலா நாடுகளில் காட்டு மரங்களின் நிழலில் வளர்வதால் வெயில் குறைந்த வீட்டினுள்ளும் இது வாடாது.

அங்கே இதன் ஓலைகளை வெட்டி விற்றுப் பிழைக்கும் ஏழைகள் பலர். குருத்தோலை ஞாயிறுக்காக அமெரிக்கத் தேவாலயங்களுக்கும் இவ்வோலைகள் செல்கின்றன. எண்ணிக்கைக்கே கூலி என்றிருந்ததால் பழுதான ஓலைகளும் வெட்டப்பட்டு, பின்னர் எறியப்பட்டன. 2005 முதல் அங்குள்ள சில திருச்சபைகள் தரமான ஓலைக்குக் கூடுதல் விலை கொடுக்கின்றன. குருத்தை விட்டு, நல்ல ஓலையை மட்டும் அளவோடு வெட்டினால் மரம் பிழைக்கும்.

காட்டைக் காக்கும்படி ஏழைகளுக்குப் போதிப்பது எளிது. அவர்களது உழைப்புக்குரிய விலையைக் கொடுப்பதே முதற்கடமை என நாம் கருதுகிறோம். எமது கிராமங்களின் பனையோலைக் கைப்பணிப் பெண்களிடம் பேரம் பேசும்போதும் இதை நினைவிற் கொள்வோம்.