நின்றால் அணையும் மகிழுந்து



நான் ஹைபிரிட் எனப்படும் கலப்பு மகிழுந்து ஒன்றை ஓட்டி வருகிறேன் என்பதை அறிந்த நண்பர்கள் பலர் கேட்கும் முதல் கேள்வி, “மாதம் எவ்வளவு மிச்சமாகிறது?” என்பதுதான். ஆசிரியர் அறையிலும் கேட்கிறார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும்போதும் கேட்கிறார்கள். அக்கேள்விக்குரிய விடையைக் கணக்கோடு இங்கே தருகிறேன். ஆனால், அதைவிடப் பெரிய செய்தி ஒன்று இந்த வாகனத்தில் உண்டு என்பது என் கருத்து. அது பணப்பையைப் பற்றியதன்று. நம் பள்ளி வாசலைப் பற்றியது.

கலப்பு மகிழுந்து என்பது யாது?

இதில் பெட்ரோல் இயந்திரம் ஒன்றும் மின்னோடி ஒன்றும் உள்ளன. மின்னோடிக்கு ஆற்றல் தரும் மின்கலத்தைச் சுவரில் செருகி மின்னேற்ற வேண்டியதில்லை (செருகி ஏற்றும் வகை வேறு). வாகனத்தின் வேகத்தைக் குறைக்கும்போது மின்னோடியே மின்னாக்கியாக மாறிச் சக்கரங்களின் இயக்க ஆற்றலை மின்னாற்றலாக மாற்றி மின்கலத்தில் சேர்க்கிறது. சாதாரண மகிழுந்தில் அந்த ஆற்றல் பெரும்பாலும் பிரேக் தட்டில் வெப்பமாகி வீணாகிறது. ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ இயலாது, ஒரு வடிவத்திலிருந்து மற்றொரு வடிவத்திற்கு மாற்றவே இயலும் என்று அறிவியல் பாடத்தில் சொல்லிக் கொடுக்கிறோமே, அதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமா?

டொயோட்டா நிறுவனத்தின் பிரியஸ் 1997ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. ஹோண்டாவின் இன்சைட் 1999இல் வந்தது. நம் நாட்டில் இவை நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு எட்டியது அதற்கும் ஏறத்தாழ பத்தாண்டுகளுக்குப் பின்னர்தான். 2011 முதல் 2013 வரை, முழுமையாக இறக்குமதி செய்யப்பட்ட 2000 சிசிக்கு உட்பட்ட கலப்பு மகிழுந்துகளுக்கு அரசாங்கம் இறக்குமதி வரியிலிருந்தும் கலால் வரியிலிருந்தும் விலக்களித்தது. அக்காலத்தில் இன்சைட், பிரியஸ் சி, ஜாஸ் ஹைபிரிட் ஆகியவை ஒரு இலட்சம் ரிங்கிட்டுக்கும் குறைவான விலையில் கிடைத்தன. இன்று பயன்படுத்திய வாகனச் சந்தையில் நாம் காணும் பழைய கலப்பு மகிழுந்துகளுள் பல அந்த ஆண்டுகளில் வந்தவையே.

மிச்சமாவது எவ்வளவு?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான் கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை வழியாகப் பள்ளிக்குச் சென்று திரும்புகிறேன். ஆண்டிற்கு ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர் ஆகிறது. முன்பு வைத்திருந்த வாகனம் 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் பெட்ரோல் குடித்தது. இப்போதைய வாகனம் 5 லிட்டரில் முடித்துக் கொள்கிறது. ஆக, ஆண்டிற்கு 450 லிட்டர் மிச்சம். உதவித்தொகை பெறும் ரோன்95 பெட்ரோலை 2025 செப்டம்பர் 30 முதல் லிட்டர் 1.99 ரிங்கிட்டுக்குக் குடிமக்களுக்கு வழங்கத் தொடங்கினார்கள். கணக்கிற்கு எளிதாக 2 ரிங்கிட் என்றே கொண்டால், ஆண்டிற்கு 900 ரிங்கிட். மாதத்திற்கு 75 ரிங்கிட்.

இதைக் கேட்டவுடன் பலருடைய முகம் வாடிவிடும். “இவ்வளவுதானா?” என்பார்கள். ஆம், இவ்வளவுதான். அதே அளவுள்ள சாதாரண மகிழுந்தைவிட 10,000 ரிங்கிட் கூடுதலாகக் கொடுத்துக் கலப்பு மகிழுந்தை வாங்கினால், அந்தத் தொகையைப் பெட்ரோல் மிச்சத்தில் திரும்பப் பெறப் பதினோர் ஆண்டுகள் ஆகும். இடையில் பெரிய மின்கலத்தை மாற்ற நேர்ந்தால் அதற்கும் சில ஆயிரம் ரிங்கிட் செலவாகும். ஆகவே, பணத்தை மட்டும் எண்ணிக் கலப்பு மகிழுந்து வாங்க எண்ணுவோர் முதலில் தம்முடைய சாலையை எண்ணிப் பார்க்க வேண்டும். நெரிசலில் நின்று நின்று செல்வோருக்கு இது பயனுள்ளது. ஈப்போவுக்கும் ஜொகூர் பாருவுக்கும் நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டே இருப்போருக்கு இதன் பயன் மிகக் குறைவு. அங்கே பிரேக்கை மிதிப்பது அரிது. மிதிக்காவிட்டால் மீட்பதற்கு ஆற்றலும் இல்லை.

அன்றாட ஓட்டத்தில் கண்டவை

முதலாவது, இந்த வாகனம் ஓட்டுநரின் காலைத் திருத்துகிறது. முகப்பில் உள்ள சிறு திரை, ஆற்றல் எங்கிருந்து எங்கே செல்கிறது என்பதைக் காட்டிக்கொண்டே இருக்கும். சிவப்பு விளக்கைத் தொலைவிலேயே கண்டு காலை மெல்ல எடுத்தால் மின்கலம் நிறைகிறது. கடைசி நொடியில் அழுத்தி மிதித்தால் அந்த ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாய்ப் போகிறது. மாணவனுக்கு உடனுக்குடன் திருத்திக் கொடுக்கும் பயிற்சி எவ்வளவு பயன் தருமோ, அவ்வளவு பயனை அந்தத் திரை தருகிறது.

இரண்டாவது, மலைப்பாதை. கேமரன் மலையிலிருந்து தாப்பாவை நோக்கி இறங்கும்போது, பாதி வழியிலேயே மின்கலம் நிறைந்துவிடும். அதன்பின் மீட்ட ஆற்றலைச் சேர்த்து வைக்க இடமில்லை. அவ்வேளையில் பிரேக்கை மட்டும் நம்பாமல், இயந்திரத்தின் தடையைப் பயன்படுத்தும் கியர் நிலைக்கு மாற்றிக்கொண்டு இறங்க வேண்டும். புதிதாக வாங்குவோர் இதைக் கையேட்டில் தேடிப் படித்துக் கொள்வது நலம்.

மூன்றாவது, பராமரிப்பு. பல கலப்பு மகிழுந்துகளில் மின்கலத்தைக் குளிர்விக்கும் காற்று, பின்னிருக்கையின் அருகிலுள்ள சிறு துளைவழியாகச் செல்கிறது. ஆசிரியர்களாகிய நாம் பின்னிருக்கையில் எதை வைப்போம்? திருத்த வேண்டிய பயிற்சிப் புத்தகக் கட்டுகளை! அவை அத்துளையை அடைத்துவிட்டால் மின்கலம் சூடேறும். வெப்பம் மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கும். நம் நாட்டு வெயிலில் இதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஆகவே, அத்துளை எங்கே உள்ளது என்பதைத் தெரிந்து வைத்துக்கொண்டு, அதன் வடிகட்டியையும் அவ்வப்போது தூய்மை செய்ய வேண்டும். மேலும், பெரிய மின்கலம் நிறைந்திருந்தாலும், 12 வோல்ட் சிறிய மின்கலம் வலுவிழந்தால் வாகனம் உயிர் பெறாது. நீண்ட பள்ளி விடுமுறையில் ஊருக்குச் சென்று திரும்பும் ஆசிரியர்கள் இதை நினைவிற் கொள்க.

பள்ளி வாசலுக்கு வருவோம்

இனி, நான் சொல்ல வந்த செய்தி. கலப்பு மகிழுந்தின் சிறப்பு எதில் உள்ளது? அது ஓடுவதில் அன்று, நிற்பதில் உள்ளது. நின்றவுடன் அதன் இயந்திரம் அணைந்துவிடுகிறது. நிற்கும் வாகனத்திற்குப் பெட்ரோல் எதற்கு என்ற எளிய கேள்வியை அது ஒவ்வொரு சாலை விளக்கிலும் நம்மிடம் கேட்கிறது.

அந்தக் கேள்வியோடு பள்ளி முடியும் நேரத்தில் நம் வாசலைப் பாருங்கள். மணியடிப்பதற்கு இருபது நிமிடங்களுக்கு முன்பே மகிழுந்துகள் வரிசையாக நிற்கின்றன. கண்ணாடிகள் மூடியிருக்கின்றன. இயந்திரங்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. பள்ளிப் பேருந்துகளும் மூடுந்துகளும் தம் பங்கிற்கு உறுமிக் கொண்டிருக்கின்றன. புகைபோக்கியின் உயரம் என்ன? ஏறத்தாழ முதலாம் ஆண்டு மாணவனின் முழங்கால் உயரம். அவனுடைய மூக்கு, நம் மூக்கைவிட அப்புகைக்கு அருகில் இருக்கிறது. அவனுடைய நுரையீரலோ இன்னும் வளர்ந்து கொண்டிருக்கிறது. ஈளை நோய் உள்ள பிள்ளைகள் நம் வகுப்பு ஒவ்வொன்றிலும் ஓரிருவராவது இருக்கிறார்கள் என்பதை எந்த ஆசிரியரும் அறிவார்.

மீண்டும் ஒரு கணக்கு. குளிர்சாதனத்தோடு நின்று ஓடும் மகிழுந்து ஒரு மணி நேரத்திற்கு ஒரு லிட்டர் பெட்ரோலை எரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 20 நிமிடம், ஆண்டிற்கு 190 பள்ளி நாள்கள். ஒரு வாகனத்திற்கு 63 லிட்டர். வாசலில் 30 வாகனங்கள் என்றால் 1,900 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோகிராம் கரிவளி வெளியாகும். ஆக, ஓரடிகூட நகராமல், ஒரு பள்ளி வாசலில் மட்டும் ஆண்டிற்கு நான்கு டன்னுக்கும் மேற்பட்ட கரிவளி! இதை நம் பிள்ளைகளுக்கே கணிதப் பயிற்சியாகக் கொடுக்கலாம். விடையைக் கண்டபின் அவர்களே வீட்டில் அப்பா அம்மாவிடம் பேசுவார்கள்.

“ஐயா, இந்த வெயிலில் குளிர்சாதனம் இல்லாமல் எப்படி உட்கார்வது?” என்று பெற்றோர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. கைக்குழந்தையோடு வருபவர்களும் நோயுற்றவர்களும் இயந்திரத்தை அணைக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அணைத்த வாகனத்தில் குழந்தையை ஒரு நிமிடம்கூடத் தனியே விடக்கூடாது என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். ஆனால், மற்றவர்கள் வாகனத்திற்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது என்ன கட்டாயம்? பள்ளிச் சிற்றுண்டிச் சாலையிலோ மண்டபத்திலோ மரநிழலிலோ நாற்காலிகள் போட்டு வைத்தால், பெற்றோர் இறங்கி வந்து அமரலாம், ஒருவரோடொருவர் பேசலாம், ஆசிரியரைக் காணலாம். வாசலில் மூடிய கண்ணாடிக்குள் அமர்ந்திருக்கும் பெற்றோரை உள்ளே அழைத்து வர இதுவும் ஒரு வழி. ஒரு நிமிடத்திற்கு மேல் நிற்பதாயின் இயந்திரத்தை அணைப்பதே சிக்கனம். மீண்டும் முடுக்குவதற்கு ஆகும் பெட்ரோல் மிகச் சிறிதே. இதற்குப் புதிய மகிழுந்து தேவையில்லை. விரல் ஒன்று போதும்.

அமைதியிலும் ஓர் ஆபத்து

இவ்வளவு சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடலாகாது. பல கலப்பு மகிழுந்துகள் மெல்ல நகரும்போது மின்னோடியில் மட்டுமே நகர்கின்றன. அப்போது ஓசை ஏறத்தாழ இல்லை. பிள்ளைகள் கண்ணால் பார்த்து மட்டுமன்றிக் காதால் கேட்டும் விலகுகிறார்கள். விளையாட்டு நேரத்தில் பள்ளி வளாகத்தினுள் ஓசையின்றி வரும் வாகனம் எவ்வளவு ஆபத்தானது என்பதை எண்ணிப் பாருங்கள்.

உலக நாடுகள் இதை உணர்ந்துள்ளன. ஜப்பான் 2010இல் இதற்கு வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 ஜூலை முதல் புதிய வகை மின், கலப்பு வாகனங்களும், 2021 ஜூலை முதல் புதிதாக விற்பனைக்கு வரும் அத்தகைய வாகனங்கள் அனைத்தும் குறைந்த வேகத்தில் எச்சரிக்கை ஓசை எழுப்ப வேண்டும் என்பது விதி. ஆனால், நம் சாலையில் ஓடும் பழைய கலப்பு மகிழுந்துகள் பலவற்றில் அவ்வசதி இல்லை. ஆகவே, அவற்றை ஓட்டும் ஆசிரியர்கள் பள்ளி வளாகத்தினுள் நடைவேகத்தில் செல்ல வேண்டும். பின்னோக்கி எடுக்கும்போது கண்ணாடியை மட்டும் நம்பாமல் இறங்கிப் பார்த்துவிட்டு எடுக்க வேண்டும். ஓசை வராவிட்டாலும் வண்டி வரும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சபைகூடலில் சொல்லிக் கொடுக்க வேண்டும். மின்வாகனங்கள் பெருகிவரும் இக்காலத்தில் இது சாலைப் பாதுகாப்புப் பாடத்தின் ஒரு பகுதியாகவே ஆக வேண்டும்.

செய்யக் கூடியவை

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களின் பார்வைக்குச் சிலவற்றை முன்வைக்கிறேன்.

1. பள்ளி வாசலில் “இயந்திரத்தை அணைத்துக் காத்திருப்போம்” என்று தமிழிலும் மலாயிலும் ஒரு பலகை வைக்கலாம். எழுதும் பொறுப்பை மாணவர்களிடமே கொடுக்கலாம்.

2. காத்திருக்கும் பெற்றோருக்கு நிழலும் இருக்கையும் ஏற்பாடு செய்யலாம்.

3. படிநிலை ஒன்று, படிநிலை இரண்டு மாணவர்களைச் சில நிமிட இடைவெளியில் வாசலுக்கு அனுப்பினால் நெரிசல் குறையும்.

4. வளாகத்தினுள் வாகன வேகத்திற்கு வரம்பு விதித்து, அதை ஆசிரியர்களாகிய நாமே முதலில் கடைப்பிடிக்கலாம்.

கலப்பு மகிழுந்து வாங்குவதும் வாங்காததும் அவரவர் விருப்பம்; அவரவர் வசதி. மாதம் 75 ரிங்கிட்டுக்காக எவரும் கடன்பட வேண்டாம். ஆனால், அந்த வாகனத்தின் நல்ல பழக்கம் ஒன்றை எந்த வாகனத்தை ஓட்டுபவரும் செலவின்றி எடுத்துக்கொள்ளலாம். அடுத்த பள்ளி நாளில் பிள்ளையை அழைக்க வரும்போது, வண்டியை நிறுத்தியதும் இயந்திரத்தையும் அணைத்துப் பாருங்கள். நம் பிள்ளைகள் மூச்சுவிடும் காற்று அது.

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியன்