காட்டன் துரை கற்ற பாடம்



"பாலமும் ரயிலும் வெள்ளைக்காரன் போட்டது, நமக்கு என்ன தெரியும்?" என்று சொல்லும் பெரியவர்கள் இன்றும் நம்மிடையே உண்டு. துரைக்குக் கைகட்டி நின்ற பழக்கம், என்ன செய்வது! சிலிபினில் என்னிடம் படிக்கும் பிள்ளைகளும் அதையே சொல்லும்போது, நான் ஆர்தர் காட்டன் என்ற துரையின் கதையைச் சொல்வேன்.

1803-இல் இங்கிலாந்தில் பிறந்த காட்டன், 1821-இல் சென்னை இராணுவத்தின் பொறியாளராக இந்தியா வந்தார். அப்போது தஞ்சை வயல்கள் நீரின்றித் தவித்தன. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடகிளையான கொள்ளிடம் பள்ளம். தண்ணீர் அதில் பாய்ந்து கடலுக்குப் போக, காவிரியில் மணல்தான் மேடிட்டது. நம் பாட்டன் பூட்டன் பலர் கப்பலேறியது அந்தச் சீமையிலிருந்துதானே!

கொள்ளிடத்தை மறிக்கவேண்டும். ஆனால் தோண்டத் தோண்ட மணல். அஸ்திவாரத்தை எதன்மேல் போடுவது?

விடை கிழக்கே கல்லணையில் இருந்தது. கரிகாலன் கட்டியதாக நாம் சொல்லும் அணை. ஓடும் ஆற்றில் நின்று பாருங்கள். பாதத்தடி மணல் கரைந்து கால் புதையும். கொஞ்சம் புதைந்ததும் நின்றுவிடும். அதே சங்கதிதான். நம் முன்னோர் பெருங்கற்களை ஆற்றில் போட்டார்கள். நீர் மணலை அரிக்க, கல் இறங்கியது. அதன்மேல் இன்னொரு கல். நீரின் அரிப்பு எட்டாத ஆழம் போனதும் கல் அசையாது. பிறகு களிமண் வைத்து மேலே கட்டினார்கள்.

காட்டன் இதை மறைக்கவில்லை. ஆழம் காணமுடியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இந்நாட்டு மக்களிடமிருந்தே கற்றோம் என்று எழுதிவைத்தார். இதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். 1836-இல் முக்கொம்பில் மேலணை எழுந்தது. தஞ்சைக்குத் தண்ணீர் வந்தது. அணை என்றதும் காட்டன் பெயரைச் சொல்கிறோம். கல் சுமந்தவர்கள் பெயரை யார் சொல்கிறார்கள்?

பஞ்சம் கண்ட கோதாவரிக் கரைக்கும் அந்தப் பாடம் போயிற்று. 1847-இல் தொடங்கிய தவளேஸ்வரம் அணை 1852-இல் முடிந்தது. ஆந்திர விவசாயிகள் அவருக்குச் சிலை வைத்துக் கொண்டாடுகிறார்கள். ரயிலுக்குக் கொட்டும் பணத்தை வாய்க்காலுக்குக் கொடுங்கள் என்று வாதாடி, மேலிடத்தில் பகையும் தேடிக்கொண்டார் மனிதர். 1861-இல் சர் பட்டம் பெற்றார், 1899-இல் காலமானார்.

182 ஆண்டுகள் உழைத்த அவருடைய மேலணையில், 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மதகுகள் சில உடைந்து போயின. அவருக்குப் பாடம் சொன்ன கல்லணையோ, பலமுறை பழுதுபார்க்கப்பட்டு, இன்றும் காவிரித் தண்ணீரைப் பிரித்து அனுப்பிக்கொண்டிருக்கிறது.