கேமரா ஓடிப்போய்த் திருடனைப் பிடிக்குமா?

அம்பத்தூர் தொழிற்பேட்டை வழியாக பஸ்சில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். பட்டறைக்குப் பட்டறை கேமரா! "நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள்" என்று போர்டு வேறு.

நல்லதுதான். செம்புக் கம்பியும் மோட்டாரும் களவு போனால் சின்னப் பட்டறைக்காரருக்கு அந்த மாத லாபம் காலி. கேமரா வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால், "தானாகப் பார்க்கிற கேமரா வந்துவிட்டது, சுற்றிவர டிரோன் இருக்கிறது, வாட்ச்மேனுக்கு எதற்குத் தண்டச் சம்பளம்?" என்று சில முதலாளிகள் கணக்குப் போடுகிறார்களே, அங்கேதான் இடிக்கிறது.

புலி வருது!

இந்தக் கேமரா எப்படி வேலை செய்கிறது? மதில் ஓரமாக, படத்தில் ஒரு கோடு போட்டு வைப்பார்கள். ராத்திரியில் யாராவது அதைத் தாண்டினால் மணி அடிக்கும். ஆளா, நாயா என்று பிரித்துப் பார்க்கும் கருவிகளும் வந்திருக்கின்றன. ஆனால் கொட்டும் மழையிலும் கும்மிருட்டிலும் அவையும் தடுமாறும். தார்ப்பாய் ஆடினதற்கெல்லாம் பத்து தடவை மணி அடித்தால், பதினோராவது தடவை யார் எழுந்து பார்ப்பார்கள்? "புலி வருது" கதைதான்!

டிரோன் சங்கதி என்ன? சாதாரண டிரோன் அரை மணி நேரம் பறந்தாலே பெரிசு. அப்புறம் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்ற வேண்டும். பலத்த காற்றடித்தால் கிளம்பாது. அதோடு, 2021-ம் ஆண்டு டிரோன் விதிப்படி விமான நிலையச் சுற்றுச்சுவரில் இருந்து 8 கிலோ மீட்டருக்குள் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. மீனம்பாக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கிண்டி தொழிற்பேட்டைக்காரர்கள் என்ன செய்வார்கள்?

கரண்ட் போனால்?

2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வந்தபோது அம்பத்தூர் பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது மறந்துபோச்சா? கரண்ட் போய், பேட்டரியும் தீர்ந்தால் கேமரா கண்ணை மூடிக்கொள்ளும். வாட்ச்மேன் மூடமாட்டார். தண்ணீர் ஏறுகிறது என்று முதலாளிக்குப் போன் போட அவர்தான் வேண்டும்.

வயர் கருகுகிற வாடை கேமராவுக்குத் தெரியுமா? "யாருப்பா அது?" என்று அதட்ட ஓர் ஆள் இருந்தாலே பாதித் திருடன் ஓடிவிடுவான். கேமரா மட்டும் இருந்தால்? முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு சாவகாசமாக வேலையை முடிப்பான். மறுநாள் காலையில் முதலாளி உட்கார்ந்து படம் பார்க்க வேண்டியதுதான்!

ஆகவே கேமராவை வாங்குங்கள். அந்த மணி வாட்ச்மேன் கையில் இருக்கும் போனில் அடிக்கட்டும். அவருக்கு நல்ல டார்ச் லைட், மழைக்கோட்டு, உட்கார ஒரு நாற்காலி கொடுங்கள். பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைத்துவிட்டு, தூங்கிவிட்டார் என்று திட்டாதீர்கள். எட்டு மணிக்கு ஒரு ஷிப்டு போடுங்கள்.

கேமரா சாட்சி சொல்லும். காவல் காப்பது மனுஷன்தான்!