நாற்காலியில் தொடங்கும் நடை



"நீங்க உட்காருங்கம்மா, நான் பார்த்துக்கறேன்." வீட்டுப் பெரியவர்களிடம் பாசத்தோடுதான் இதைச் சொல்கிறோம். காபியும் கைக்கே வருகிறது, ரிமோட்டும் பக்கத்திலேயே. ஆனால், இந்தப் பாசம் அவர்கள் இதயத்துக்கு நல்லதா?

65 வயதைத் தாண்டியவர்களும் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடலை மிதமாக இயக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் அரை மணி, வாரம் ஐந்து நாள் சற்று வேகமாக நடந்தால் போதும். "வாக்கிங் போங்கப்பா" என்றால் என்ன பதில் வரும்? மூட்டு வலி, மூச்சு வாங்குது, தெருவில் நாய். உள்ளே இருப்பது விழுந்துவிடுவோமோ என்ற பயம். அறிவுரையால் அது போகாது.

இங்கேதான் யோகாவை நம்புகிறேன். பத்மாசனமெல்லாம் வேண்டாம். ஆடாத, நகராத ஒரு நாற்காலி போதும். பாதம் இரண்டும் தரையில் பதிய உட்கார்ந்து, மூச்சை இழுத்தபடி கைகளை உயர்த்தி, விட்டபடி இறக்கட்டும். பழகியபின், சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி நிற்கட்டும். கொஞ்ச நாளில் கையை ஊன்றாமலே நாற்காலியிலிருந்து எழ முடிந்தால், அந்த முகத்தைப் பார்க்கவேண்டுமே! அப்புறம் வாசலில் செருப்பை அவர்களே தேடுவார்கள்.

சரி, யோகா இதயத்துக்கு என்ன செய்யும்? மாரடைப்பிலிருந்து மீண்ட கிட்டத்தட்ட 4,000 பேரைக் கொண்டு, இந்தியாவில் 24 மையங்களில் 'யோகா-கேர்' என்ற ஆய்வு நடந்தது. 2020-ல் முடிவு வெளியானது. யோகா செய்தவர்களுக்கு மறுபடி மாரடைப்பு, மரணம் போன்றவை உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. அதனால், யோகா செய்கிறோமே என்று மாத்திரையை நிறுத்துவதோ, நடையை விடுவதோ கூடவே கூடாது. ஆனால், ஆய்வில் யோகா செய்தவர்கள் தங்கள் உடல்நிலை தேறியதாக உணர்ந்தார்கள். பழைய அன்றாட வேலைகளுக்கும் மற்றவர்களைவிட நன்றாகத் திரும்பினார்கள். 'என்னால் முடியும்' என்ற அந்தத் தெம்புதானே நம் பெரியவர்களுக்கு வேண்டும்?

ஸ்டென்ட் வைத்தவர்களும் பிபி அதிகம் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டுத் தொடங்கட்டும். மூச்சை அடக்குவதும் தலைகீழ் ஆசனங்களும் வேண்டாம். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போகவேண்டும்.

இன்னொன்று. "நீங்க செய்யுங்க" என்று சொல்லிவிட்டு நாம் போனில் மூழ்கினால் இது இரண்டு நாள்கூடத் தாங்காது. பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டு நாமும் உட்காரவேண்டும். பேரனோ பேத்தியோ உட்கார்ந்தால் இன்னும் நல்லது. முடிந்ததும் தெருமுனை வரை சேர்ந்தே போய்வாருங்கள்.

நாளைக் காலையே ஆரம்பிக்கலாமே? உங்கள் வீட்டில் எப்படிப் போகிறது என்று எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்