பில்லை வாசிக்கும் உரிமை

எஞ்சின் பழுதுபடுவது குறித்து நாம் எவரோடும் வழக்காட வரவில்லை. இரும்பு தேயும், எண்ணெய் கரியும், ஓடுகின்ற எதுவும் ஒருநாள் நிற்கும். ஆயின், 85,000 ரூபாவுக்குள் முடியும் என்று கூறி உள்ளே வாங்கிய வாகனத்தை, மூன்று வாரம் கழித்து, 6 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா கட்டினால்தான் வெளியே விடுவோம் என்று ஒரு முகவர் நிலையம் சொல்லுமாயின், அதனை இரும்பின் தேய்மானம் என்று எங்ஙனம் கொள்வது? அது மனிதர் வகுத்த ஏற்பாடு. மனிதர் வகுத்ததை மனிதர் கேள்வி கேட்கலாம்.

உரும்பிராயில், பலாலி வீதியை மானிப்பாய்–கைதடி வீதி குறுக்கறுக்கும் சந்திக்கு அண்மையில் வாழும் அன்பர் ஒருவருக்கு நேர்ந்தது இது. செம்மண் தோட்டத்தில் வெங்காயமும் புகையிலையும் செய்த குடும்பத்தவர். தோட்டம் கைகொடாமற் போக, லீசிங்கில் ஒரு டீசல் வான் எடுத்து, காலையில் பள்ளிப் பிள்ளைகளையும் இரவில் கட்டுநாயக்காவுக்குப் பயணிகளையும் ஏற்றிப் பிழைப்பவர். வான் கரும்புகை கக்கிற்று, இழுவை குறைந்தது. நிலையத்தார் கணினியைப் பொருத்திப் பார்த்து, ஓர் இன்ஜெக்டர் பழுது என்றனர். கழற்றிய பின் நான்கும் பழுது என்றனர். பின்னர், உயர் அழுத்தப் பம்பும் போயிற்று, குழாய்களையும் எண்ணெய்த் தாங்கியையும் சுத்திகரிக்க வேண்டும் என்றனர். ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் ஒரு வார்த்தை, எழுத்தில் ஒன்றுமில்லை. "கொம்பியூட்டர் அப்பிடித்தான் காட்டுது அண்ணை, நாங்கள் என்ன செய்யிறது?" என்பதே கடைசி விளக்கம். வான் நின்றதென்று லீசிங் தவணை நிற்கவில்லை. மனைவியின் தாலிக்கொடி அடகுக்குப் போயிற்று.

நிலையத்தார் சொன்னது பொய் என்று நாம் சாதிக்கவில்லை. 1997இல் கார்களில் வரத் தொடங்கிய 'கொமன் ரெயில்' முறையில், டீசல் 1,500 பார் அழுத்தத்துக்கும் மேலாக ஏற்றப்பட்டு, மயிரிழை போன்ற துளைகளின் வழியே சிலிண்டருக்குள் பாய்ச்சப்படுகிறது. அந்தப் பம்புக்கு மசகாய் இருப்பதும் அதே டீசல்தான். டீசலில் நீர் கலந்தால் உலோகம் உரசித் துகளாகும். துகள் குழாய் வழியே சென்று இன்ஜெக்டர்களையும் கெடுக்கும். அப்போது எல்லாவற்றையும் மாற்ற நேர்வது உண்மையே. ஆனால் நான்கில் எத்தனை கெட்டன, நுனியை மட்டும் மாற்றினாற் போதுமா என்பதைச் சோதனை மேசையில் வைத்துக் காட்டிவிடலாம். வடிகட்டியை வெட்டிப் பார்த்தால் துகளும் தெரிந்துவிடும். காட்டினார்களா? கழற்றிய பழைய பம்பைக்கூட அன்பர் கண்ணாற் காணவில்லை!

யாழ்ப்பாணத்தவருக்கு எஞ்சின் புதிதன்று. துலா மிதித்து நீரிறைத்த கிணறுகளுக்கு மண்ணெண்ணெய் இயந்திரம் வந்தபோது, அதைக் கழற்றிப் பூட்டக் கற்றவர்களுள் தோட்டக்காரரும் இருந்தனர். 1990க்குப் பின், பொருளாதாரத் தடையால் எரிபொருளும் மின்கலமும் உதிரிப்பாகமும் அருகிப்போன காலத்தில், ஒஸ்ரின் ஏ-40 கார்களையும் மொறிஸ் மைனர் கார்களையும் சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓடவிட்டனர் நம் மெக்கானிக்குகள். கிடையாத பாகத்தைக் கடைச்சற் பட்டறையில் கடைந்தெடுத்தனர். அந்த நாட்கள் மீள வேண்டும் என்பவன் பைத்தியக்காரன். அந்தப் புகையை முகர்ந்த எவரும் அதன் மணத்தைப் புகழார். ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்று பொருள் இல்லை. அறிவு திறந்து கிடந்தது. இன்று பொருள் கப்பலில் வந்திறங்குகிறது. அறிவுக்குப் பூட்டுப் போடப்பட்டிருக்கிறது. பல வாகனங்களில், புதிய இன்ஜெக்டரைப் பூட்டியதும் அதன்மேற் பொறித்த குறியீட்டை வாகனத்தின் கணினிக்கு அறிவித்தாக வேண்டும். அறிவிக்கும் கருவியும் மென்பொருளும் நிறுவனத்தின் பிடியில். சுன்னாகத்திலோ கோண்டாவிலிலோ உள்ள கராஜ்காரர் எத்துணை கெட்டிக்காரராயினும் அவ்விடத்திற் கைகட்டி நிற்க நேர்கிறது.

வேறு நாடுகளில் இதை எதிர்த்திருக்கிறார்கள். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25இல் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாவுக்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிப்பாகங்களும் திருத்த விவரங்களும் வெளிக் கராஜ்களுக்குக் கிடைக்கவிடாது தடுத்தமையே குற்றம். நிறுவனங்கள் மேன்முறையீட்டுக்கு ஓடின என்பது வேறு கதை. ஐரோப்பிய ஒன்றியம், 2007ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியொன்றால், அவ்விவரங்களைச் சுயாதீனத் திருத்துநருக்கும் கொடுக்குமாறு கட்டாயப்படுத்தியது. முதலாளித்துவத்தின் தலைவாசலான அமெரிக்காவிலேயே, மசச்சூசெற்ஸ் மக்கள் 2012இல் வாக்களித்து இவ்வுரிமையைக் கேட்டனர். நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் உண்டு. கேட்டவருக்குப் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும், சேவை தக்க கவனத்தோடும் திறமையோடும் ஆற்றப்பட வேண்டும் என்கிறது அது. நல்லதே. திருத்த விவரத்தைச் சிறு கராஜுக்குக் கொடு என்று அதில் ஒரு வரி இல்லை.

பில்லின் முழுப் பாரத்தையும் நிலையத்தார் தலையிற் சுமத்துவதும் நியாயமாகாது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா ஆயிற்று. 2020 மார்ச்சில் மூடிய வாகன இறக்குமதிக் கதவு தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே திறந்தது. இடையில் ஏறத்தாழ ஐந்தாண்டு, கிழண்டு போன வண்டிகளையே ஒட்டுப்போட்டு ஓட்டினோம். 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமாக உயர்ந்தது. நாட்டைக் கடனில் ஆழ்த்தியவர் எவரெவரோ. அதை இன்ஜெக்டர் விலையில் அடைப்பவர் உரும்பிராய் வான்காரர்! பில்லில் 'கூலி' என்றொரு நிரல் இருக்கிறதே, அது வானின் அடியிற் படுத்திருந்த இளைஞனின் கைக்கு முழுதும் போய்ச் சேர்வதாக எண்ணுவாரும் உளர். அவனது மாதச் சம்பளத்தை ஒருமுறை விசாரித்துப் பார்க்கட்டும். நம் கோபம் அவன்மீதன்று.

இன்னொன்றும் கூறியாக வேண்டும், கசந்தாலும். படிப்பென்றால் உத்தியோகம், கை அழுக்காகும் தொழிலென்றால் குறைவு என்று தலைமுறை தலைமுறையாய்ப் பிள்ளைகளுக்கு ஓதியது நம் சமூகம். கொல்லனின் உலையைச் சாதிக் கண்ணாற் பார்த்துப் பழகியோர், அதே கண்ணால் கராஜையும் பார்க்கின்றனர். விளைவு யாது? பட்டமும் பதவியும் உடையவர் தம் சொந்தக் காரின் பில்லை வாசிக்கத் தெரியாது நிற்கிறார். கேட்க வெட்கம். சொன்ன பணத்தைக் கட்டிவிட்டு வந்து, "ஏஜென்சியிலதான் விட்டனான்" என்று அயலாரிடம் பெருமையும் பேசுகிறார். வெட்கமும் பெருமையும் இவ்வாறு துணை நிற்கையில், மதிப்பீட்டை எழுத்திற் கொடுக்க அந்த நிலையத்தாருக்கு என்ன அவசரம்?

மதிப்பீடு எழுத்தில் இருக்க வேண்டும். அதைத் தாண்டி ஒரு திருகாணி மாற்றுவதாயினும் சொந்தக்காரரின் சம்மதம் எழுத்திற் பெறப்பட வேண்டும். கழற்றிய பாகம் அவர் கையில் ஒப்படைக்கப்பட வேண்டும். இவற்றைச் சட்டமாக்கும்படி பாராளுமன்றத்தில் நம் உறுப்பினர்கள் எழுந்து கேட்கலாம். அவர்களிலும் டீசல் வாகனக்காரர் இல்லாமலா போய்விட்டனர்? ஆனால் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மூளாயில் கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையையே நிறுவி நடத்தியவர்கள் நம் மக்கள். பலாலி வீதியில் வான் ஓட்டுவோரும், லான்ட்மாஸ்டர் வைத்திருக்கும் தோட்டக்காரரும், கராஜ்காரரும் ஒன்றுகூடினால், ஓர் இன்ஜெக்டர் சோதனை மேசையும் குறியீடு வாசிக்கும் கருவியும் சங்கத்தின் பெயரில் வாங்க இயலாதா? விலை விசாரிக்கும் வேலையை வரும் மாதமே தொடங்கலாம். முதற் பங்குப் பணத்தை நாம் தருகிறோம்.